அரிசியும் அத்தாட்சியும்

இராமேசுவரத்துக்குப் புகையிரதத்தில் யாத்திரை சென்று மீண்ட நம்மூர்ப் பெரியோர், பாம்பன் பாலத்தைப் பற்றிக் கதைகதையாய்ச் சொல்வர். அப்பாலத்துக்குச் சற்று முன்னே வருகின்ற ஒரு சிறு நிலையத்தைப் பற்றிப் பேசுவாரைக் காண்பது அரிது. அந்நிலையத்தின் பெயர் 'மண்டபம் முகாம்' என்பது. முகாம் என்னும் சொல்லே ஊர்ப்பெயரோடு ஒட்டி நிலைத்துவிட்ட இடம் அது. கடந்த நூறாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் இலங்கை வாழ் தமிழரின் சரித்திரத்தோடு அம்முகாம் மூன்று முறை தொடர்புற்றது.

முதன்முறை, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலம். தொழிலாளர் தொற்றுநோய் கொண்டுவந்துவிடாதபடி அவர்களைச் சில நாள் மறித்து வைத்துச் சோதித்து அனுப்புவதற்கென, அன்றைய இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் நடத்திய தடுப்பு முகாம் அது. இரண்டாம் முறை, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் ஒப்பந்தம் செய்துகொண்ட பின்னர். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பங்கிடுவது என்று மனிதரை மூட்டை கணக்கில் பிரித்த ஒப்பந்தம். அவ்வாறு அனுப்பப்பட்டோர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, அங்கிருந்தே பல திசைகளுக்கும் பிரிந்தனர். மூன்றாம் முறை, 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின்னர். பாட்டன் கூலியாய்ப் புறப்பட்டபோது படுத்துறங்கிய கொட்டகைக்குப் பேரன் அகதியாய் வந்து சேர்ந்த குடும்பங்களும் அங்கே இருந்திருக்கக் கூடும்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர் அகலம். 1914இலிருந்து அவ்வழியே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின் இராமேசுவரத்துக்கு ஓடியது. இனக்கலவரம் போராய் மாறிய காலத்தில் அதுவும் நின்றது. கப்பல் நின்ற கடலில் வள்ளங்கள் ஓடலாயின. இரவில், விளக்கின்றி, அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு அவை ஓடின. இந்தியக் கரையை அணுக அஞ்சிய ஓட்டிகள் பலர், இடையே உள்ள மணற்றிட்டுகளில் சனங்களை இறக்கிவிட்டுத் திரும்பினர். வற்றுக்கடலில் இடுப்பளவு நீரில் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து நின்றவர்களையும், தாகத்தோடு மணலிற் காத்திருந்தவர்களையும் அக்கரை மீனவரும் கரையோரக் காவலரும் ஏற்றிச் சென்றனர். கரை காணாது போனவர்களும் உண்டு.

தமிழ்நாட்டு அரசாங்கத்தின் கணக்கில் 1983 ஜூலை முதல் 1987 ஜூலை வரை வந்து சேர்ந்தோர் 1,34,053 பேர். 1987ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை நம்பி அவர்களுள் 25,585 பேர் மீண்டனர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது இரண்டாம் அலை எழுந்தது. அதில் ஒரு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் சென்றனர். 1996இல் மூன்றாவது, 2006இல் நான்காவது. எல்லாம் கூட்டினால் மூன்று இலட்சத்தைத் தாண்டும். 2022இல் அரிசியும் பாலும் எரிபொருளும் எட்டாவிலையில் ஏறிய பொழுது, மார்ச் 22ஆம் திகதி 16 பேர் அரிச்சல்முனைப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். குண்டுக்கு அஞ்சி ஓடிய வழியிலேயே இம்முறை பசிக்கு அஞ்சி ஓடினர்.

யார் சென்றனர் என்பதையும் நாம் மறைக்காமற் பேசவேண்டும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் எனப் பருத்தித்துறை வீதி வழியே கிடக்கும் செம்மண் ஊர்களில், காணி விற்கவோ ஈடு வைக்கவோ வல்லவர்களின் பிள்ளைகள் விமானம் ஏறினர். கனடா, சுவிஸ், ஜேர்மனி, இலண்டன் என்று நிலைத்தனர். வள்ளத்துக்குக் கொடுக்கும் காசையே தாலிக்கொடி விற்றுத் திரட்டியவர்கள் மண்டபம் போயினர். முகாம்களில் இன்றும் வாழ்பவருள் மன்னார், திருகோணமலை, வவுனியா, முல்லைத்தீவுச் சனங்களே மிகுதி. உழவரும் கடற்றொழிலாளரும் கூலித்தொழிலாளருமே மிகுதி. கனடாவில் ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் எம் ஊரில் பாயசம் வைக்கின்றோம். கும்மிடிப்பூண்டி முகாமில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறினால் அச்செய்தி நமக்கு எட்டுவதில்லை. தூரத்தால் வந்த மறதியன்று இது. ரொறன்ரோ எங்கே, கும்மிடிப்பூண்டி எங்கே!

வந்தாரை வரவேற்ற கரை என்ற புகழ் அக்கரைக்கு உரியது. இராமநாதபுரத்து மக்கள், பெரும்பாலும் தாமே வறியவர், தொடக்க நாட்களில் உண்டியும் உடையும் கொடுத்தனர். அரசாங்கம் மாதப் பணமும், மலிவு விலையிலும் பின்னர் விலையின்றியும் அரிசியும், பத்தடிக்குப் பத்தடிக் குடிலும் அளித்தது. தார் அட்டைக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் இருப்பது எத்தகையது என்பதை ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு எழுதுவது எளிது. ஆதலால் அதனை விரிக்காது விடுகின்றேன்.

மணிமேகலைக் காப்பியம் படித்த மாணவர்க்கு ஒன்று நினைவுக்கு வரும். அமுதசுரபி என்னும் அள்ளக் குறையாத பாத்திரம் மணிமேகலைக்குக் கிடைத்த இடம் மணிபல்லவம். அதனை நம் நயினாதீவு என்று கொள்வது மரபு. இக்கரையிலிருந்து பாத்திரத்தை ஏந்திச் சென்றவள் அக்கரைக் காவிரிப்பூம்பட்டினத்தில் பசித்தோர்க்குச் சோறிட்டாள். பின்னர்ச் சோழ மன்னனிடம் அவள் கேட்ட வரம் பொன்னன்று, பொருளன்று. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தரும்படி கேட்டாள். காப்பியத்தில் சிறை அறச்சாலை ஆயிற்று. நம் காலத்தில் அறச்சாலையாய்த் தொடங்கிய முகாம்களிற் சில, 1991 மே 21ஆம் திகதி ராஜீவ் காந்தி அவர்கள் கொலையுண்ட பின்னர்ச் சிறையின் சாயலைப் பெற்றன. ஆட்கணக்கு எடுத்தல், வெளியே போகவர அனுமதி, கியூ பிரிவுப் பொலிஸாரின் விசாரணை ஆகியவை இறுகின. வெளித்தொண்டர் உள்ளே நுழைவதும் ஒரு காலம் தடைப்பட்டது. கொலையைச் செய்தவர் சிலர். ஐயத்தைச் சுமந்தவர் இலட்சம் பேர்.

அகதி என்ற சொல்லும் ஆராயத்தக்கது. கதியற்றவர் என்பது அதன் பொருள். அது கூடாதென்று ஏதிலி என்றனர் சிலர். பழந்தமிழில் ஏதிலார் என்றால் அயலார், தொடர்பில்லாதவர். நாற்பதாண்டு ஒரே தெருவில் தண்ணீர் பிடித்து, ஒரே பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பி, ஒரே மாரியம்மனுக்குப் பொங்கலிட்டவர் எவ்வாறு ஏதிலார் ஆவர்? 2021 ஓகஸ்ட் மாதம் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அவர்கள், அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார். அத்தோடு 317 கோடி ரூபா திட்டமும் வந்தது. குடும்பத் தலைவருக்கு மாதம் 1,000 ரூபாவாய் இருந்த உதவி 1,500 ஆயிற்று. பழுதுற்ற குடில்களுக்குப் பதிலாக 7,469 வீடுகள் கட்டுவதென்றும் முடிவாயிற்று. அப்போது 108 முகாம்களில் 58,822 பேரும், பொலிஸ் நிலையங்களில் பதிந்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். பெயர் மாற்றத்தை வெறுஞ்சொல் என்று நகைப்பாரும் உளர். கல்வீட்டுக்குக் குடிபுகுந்தவரைக் கேட்டால் வேறு மறுமொழி கிடைக்கும்.

அரசாங்கம் சோறிட்டது, மக்கள் தமக்குத் தாமே செய்துகொண்ட தொண்டும் சிறிதன்று. தந்தை செல்வாவின் புதல்வர் சா. செ. சந்திரகாசன் அவர்கள் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அதற்கு எடுத்துக்காட்டு. அதில் தொண்டு செய்தவர்கள் பெரும்பாலும் அகதிகளே. முன்பள்ளி, மாலைப் பாடம், தாய் சேய் போசாக்கு, உளவளத்துணை என்று முகாம்தோறும் அவர்கள் உழைத்தனர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தபோது, முகாம்களில் உளவளத்துணைப் பயிற்சி பெற்றிருந்தோர் அங்கே சென்று, பிள்ளைகளைப் பறிகொடுத்த மீனவத் தாய்மாரின் அருகில் அமர்ந்தனர். யாவற்றையும் இழந்து பிழைத்திருப்பது எப்படி என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை.

கல்வியிலும் அவ்வாறே. எம். ஜி. ஆர். ஆட்சியில் மருத்துவம், பொறியியல் முதலிய கல்லூரிகளில் அகதி மாணவர்க்கென இடம் ஒதுக்கப்பட்டது. 1991க்குப் பின் அவ்வொதுக்கீடு நின்று, 1996இல் ஆட்சி மாறியபின் மீண்டும் தளிர்த்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பதினெட்டு வயது நிரம்பியவர்களின் நிலையை ஆசிரியன் என்ற முறையில் எண்ணும்போது மனம் வேகின்றது. பயிர் வாடினால் அடுத்த மாரிக்கு விதைக்கலாம். மாணவனுக்குப் பதினெட்டு வயது ஒருமுறைதான்.

இனி, எவரும் அதிகம் பேசாத ஓர் உதவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது தாள்.

முதலாம் உலகப் போரின் பின்னர் ரஷ்யாவிலிருந்து ஓடிய இலட்சக்கணக்கானோரின் குடியுரிமையை அங்கே புதிதாய் அமைந்த அரசு 1921இல் பறித்தது. ரொட்டி கொடுக்கப் பல தர்ம ஸ்தாபனங்கள் முன்வந்தன. ஆனால் எந்நாட்டாரும் அல்லாதவருக்கு எந்த நாடு எல்லையைத் திறக்கும்? சர்வதேச சங்கம் இவ்வேலையை நோர்வே நாட்டவரான நான்சன் என்பவரிடம் ஒப்படைத்தது. அவர் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்தவர். 'பிறாம்' என்ற கப்பலைப் பனிக்கட்டியோடு உறையவிட்டு வடதுருவக் கடலில் மிதந்தவர். 1922இல் அவர் செய்த காரியம் மிகச் சிறியது போலத் தோன்றும்: அகதி ஒருவரின் பெயரையும் படத்தையும் தாங்கிய ஒற்றைத் தாள். 'நான்சன் கடவுச்சீட்டு' என்று பெயர் பெற்ற அத்தாளை ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் காலப்போக்கில் ஏற்றன. இசைமேதை ஸ்திராவின்ஸ்கியும் ஓவியர் சகாலும் அத்தாளோடு எல்லை கடந்தவர்களே. அவ்வாண்டே நான்சனுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 1951ஆம் ஆண்டு அகதிகள் சாசனமும், ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் அவ்வழி வந்தவை. அச்சாசனத்தில் இந்தியாவும் ஒப்பமிடவில்லை, இலங்கையும் ஒப்பமிடவில்லை. ஆதலால் நம் சனங்கள் அக்கரையில் பெற்றவை யாவும் தயவால் பெற்றவை. உரிமையால் பெற்றவை அல்ல. தயவு பெரிதுதான். ஆனால் ஆட்சி மாறத் தயவும் மாறும் என்பதை 1991 காட்டியது.

முகாமிற் பிறந்த பிள்ளையை எண்ணிப் பாருங்கள். 1987 ஜூலை 1ஆம் திகதிக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவர், அந்நாட்டுச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமகன். அவ்விதியைக் கொண்டு நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்றவரும் உளர். அத்திகதிக்குப் பின் பிறந்தோர்க்கு அவ்வழி இல்லை. இலங்கைச் சட்டப்படியோ, வெளிநாட்டிற் பிறந்த பிள்ளையின் பிறப்பைத் தூதரகத்தில் பதிவுசெய்தாலன்றிக் குடியுரிமை கைகூடாது. பதிய வேண்டுமாயின் தாய் தந்தையரின் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் விவாகப் பத்திரமும் வேண்டும். அவை வள்ளத்தில் நனைந்தன, அல்லது எரிந்த வீட்டோடு போயின. மேற்சொன்ன கழகத்தார் முகாம் முகாமாய்ச் சென்று விபரம் திரட்டி, சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தின் வாயிலாகப் பல்லாயிரம் பிள்ளைகளுக்குப் பத்திரம் பெற்றுக் கொடுத்தனர். ஒரு மூடை அரிசி ஒரு மாதத்துக்கு. இப்பத்திரம் ஓர் ஆயுளுக்கு.

மலையக வம்சாவளியினரின் சிக்கல் இன்னும் ஆழமானது. 1948இல் குடியுரிமை இழந்து, 1977இன் கலவரத்தில் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்து, அங்கிருந்து மண்டபம் போனவர்கள் அவர்கள். முகாம்வாசிகளுள் ஏறத்தாழ முப்பதினாயிரம் பேர் இவ்வகையினர் என்பர். 2003ஆம் ஆண்டு இலங்கைப் பாராளுமன்றம் நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கியபோது, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையிலே நிலையாய் வசித்தவர்க்கே என்று விதித்தது. போருக்கு அஞ்சி ஓடியவர் நிலையாய் வசிப்பதெப்படி? 2009இல் அச்சட்டத்தைத் திருத்தி அவர்களையும் சேர்த்தனர். அக்கரையிலும் 2019 ஜூன் 17ஆம் திகதி, இந்திய வம்சாவளியினரான 65 பேரின் வழக்கில், குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்க அவர்களுக்கு வழிவிடுமாறும், மத்திய அரசு அதனைப் பதினாறு வாரத்துள் ஆராயுமாறும் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்தது. (அதே ஒக்டோபர் 30ஆம் திகதி 1995இல் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த நாளுமாகும். நம் சரித்திரத்தில் அத்திகதி நல்ல நாளாய் அமையவில்லை.) 2025 செப்டெம்பரில் இந்திய அரசு வெளியிட்ட கட்டளை ஒன்று, 2015 ஜனவரி 9ஆம் திகதிக்கு முன் அங்கே புகலடைந்து பெயர் பதிந்த இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டும் விசாவும் இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கியது. குடியுரிமை அன்று, குற்றவாளி என்ற பெயர் நீங்கிற்று, அவ்வளவே.

மீண்டு வரலாமே என்பர் சிலர். 1992 முதல் 1995 வரை 54,188 பேர் மீண்டனர். அவர்கள் உண்மையாகவே விரும்பி வருகின்றனரா என்பதைப் பார்த்துக்கொள்ள, 1992இல்தான் ஐக்கிய நாடுகள் அகதி அலுவலகம் சென்னையில் திறக்கப்பட்டது. 2009இல் போர் முடிந்தபின் அவ்வலுவலகத்தின் உதவியோடு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். பலாலிக்கு விமானம் வருகின்றது. 2023 ஒக்டோபர் 14 முதல், இடையிடையே நின்றாலும், நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பலும் ஓடுகின்றது. வழி திறந்தது என்று மகிழ்ந்திருந்த வேளையில், 2025 மே மாதம், அந்த அகதி அலுவலகத்தின் ஏற்பாட்டிலேயே பலாலியில் வந்திறங்கிய எழுபது கடந்த முதியவர் ஒருவர் விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பல ஆண்டுகளுக்கு முன் கடவுச்சீட்டின்றி நாட்டை விட்டுச் சென்றார் என்பது குற்றம். பிணையில் விடுதலையானார், கண்டனமும் எழுந்தது. ஆயினும் அச்செய்தி எல்லா முகாம்களிலும் ஒரே நாளிற் பரவியிருக்கும். உயிர் தப்ப ஓடிய வள்ளத்துக்கு முத்திரை குத்த அன்று எந்த அதிகாரி கடற்கரையில் இருந்தார்?

வந்தவர்க்கு வீடும் வளவும் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் எல்லை என்பது கிளுவையும் பூவரசும் நட்ட வேலி. ஆளில்லாத வளவின் கதியால் ஆண்டுக்கு ஒரு சாண் நகரும் என்பது நாமறிந்த வேடிக்கை. கதியால் நகர நகர ஒருவன் அகதியாகின்றான். பத்தாண்டு தடையின்றி ஆண்டவனுக்கே காணி உரித்தாகலாம் என்பது நம் ஆட்சியுரிமைச் சட்டம். போரினால் தம் காணியைக் கேட்டு வரமுடியாதிருந்தவர்க்கு அப்பத்தாண்டுக் கணக்குப் பொருந்தாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விலக்களித்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. நல்ல சட்டம். ஆனால் வழக்குத் தொடுக்க இரண்டாண்டே தவணை. மண்டபத்திலும் திருச்சிக் கொட்டப்பட்டிலும் எத்தனை பேருக்கு அத்தவணை முடியுமுன் செய்தி எட்டியிருக்கும்?

ஆகவே அயலவர்க்கு ஒரு வேலை உண்டு. அக்கரைக்குப் போனவரின் வளவு எது, அதன் பழைய எல்லை எது, அயற்காணிக்காரர் யார் என்பதை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, கிராம அலுவலர் முன்னிலையில் ஒப்பமிடுவித்து வைத்தல் வேண்டும். உறுதியின் இலக்கமும், அதனை முடித்த நொத்தாரிசின் பெயரும், முடித்த ஆண்டும் தெரிந்தால், காணிப் பதிவகத்திற் பிரதி பெறுவது இயலும். இதனை விடுமுறையிற் செய்ய மாணவர்க்கு இயலாதா?

எம் போன்ற ஆசிரியர்க்கும் ஒரு வேலை உண்டு. பிறப்பத்தாட்சிப் பத்திரம் அழிந்தவருக்கு, அரிவரியிற் சேர்ந்தபோது பாடசாலைச் சேர்விடாப்பில் எழுதப்பட்ட ஒரு வரி துணை நிற்கின்றது. பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவை அதில் இருக்கும். விலகிய நாள் என்ற இடம் வெறுமையாய் இருக்கும் வரிகள் 1983க்கும் 1995க்கும் இடைப்பட்ட இடாப்புகளில் எத்தனையோ. அவர்கள் விடுகைப் பத்திரம் பெற்றுச் செல்லவில்லை, ஓடினார்கள். கறையான் தின்றது போக எஞ்சிய அவ்விடாப்புகளைப் படம் பிடித்துக் காப்பதற்குக் கைத்தொலைபேசி ஒன்றே போதும்.

முகாமிலிருந்து இத்தகைய பிரதி கேட்டு எழுதுவோர் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிவிடுகின்றனர். ஓர் ஊரில் ஒரே பெயருடையோர் பலர். தகப்பனாரின் முழுப்பெயர், அக்காலத்து விலாசம், சேர்ந்த ஆண்டு, கூடப் படித்த சகோதரர் பெயர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் தேடுவது எளிது. முகாமில் உறவினர் உள்ள வாசகர்கள், அடுத்த முறை பேசும்போது இவ்விபரத்தை அவர்களுக்குத் தெரிவிப்பார்களாக.